சபை கிறிஸ்துமஸ் விழாவில், இயேசு பிறந்த கதையைச் சொல்லும் லூக்கா 2ஆம் அதிகாரத்துக்கு நேரமே கிடைப்பதில்லை. உங்கள் சபையில் எப்படிச் செய்கிறீர்கள்?

காளவாசல் டீச்சர் எழுதியது:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். மதுரையில் ஒரு லுத்தரன் சபையில் ஞாயிறு பள்ளி நடத்துகிறேன். சபையின் பெயர் வேண்டாம். இந்த வருஷம் பிள்ளைகளின் கிறிஸ்துமஸ் விழாவை "முழுக்க நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்று கமிட்டியில் என் தலையில் கட்டிவிட்டார்கள். சந்தோஷம்தான். ஆனால் போன வருஷம் நடந்ததைப் பார்த்த பிறகு எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை.

போன வருஷ நிகழ்ச்சி நிரல் அச்சடித்தே இரண்டு பக்கம். வரவேற்பு நடனம், ஆக்‌ஷன் சாங், இன்னொரு ஆக்‌ஷன் சாங், வாலிபர் குறுநாடகம் (செல்போனால் கெட்டுப்போன குடும்பம், கடைசியில் கேக் வெட்டித் திருந்துகிறது), பெண்கள் ஐக்கியத்தின் பாட்டு, வினாடி வினா, நன்கொடை கொடுத்தவர்களுக்குப் பொன்னாடை. வேதவாசிப்பு எங்கோ நடுவில். அது வருவதற்குள் மணி எட்டரை ஆகிவிட்டது. வாசிக்க வந்த பெரியவர் மைக்கைப் பிடித்து, "நேரமாகிவிட்டபடியால் ஏழு வசனம் மட்டும் வாசிக்கிறேன்" என்றார். வாசித்தார். பிள்ளையை முன்னணையிலே (மாட்டுக்குத் தீனி போடுகிற தொட்டி) கிடத்தியதோடு வேதத்தை மூடிவிட்டார். மேய்ப்பர்களுக்குச் செய்தியே போகவில்லை. தேவதூதர்கள் இறக்கை கட்டிக்கொண்டு வராந்தாவில் கொசுக்கடியில் நின்றதுதான் மிச்சம். அடுத்த நிமிடமே பலூன், குத்துப்பாட்டு மெட்டில் ஒரு பாட்டு, சிவப்புச் சட்டைத் தாத்தா, டாஃபி மழை.

வினாடி வினாவில் ஒரு கேள்வி: "சத்திரக்காரர் யோசேப்பிடம் என்ன சொன்னார்?" பிள்ளைகள் ஒரே குரலில், "இடமில்லை!" பத்து மதிப்பெண் கொடுத்தார்கள். லூக்காவில் சத்திரக்காரர் என்று ஒரு ஆள் வரவே இல்லை. சத்திரத்திலே அவர்களுக்கு இடமில்லாதிருந்தது என்று ஒரு வரி, அவ்வளவுதான். கழுதையும் கிடையாது. நட்சத்திரம் பார்த்துக் கிழக்கிலிருந்து வந்த சாஸ்திரிகள் மூன்று பேர் என்று மத்தேயு சொல்லவில்லை, காணிக்கைதான் மூன்று. அவர்கள் வந்து பார்த்ததும் தொழுவத்தில் இல்லை, ஒரு வீட்டில். நாடகத்துக்காக யாரோ எப்போதோ சேர்த்ததையெல்லாம் நீக்க வேண்டும் என்று நான் சண்டை போடவில்லை. எங்கள் பிள்ளைகளுக்கு வேதத்தில் இல்லாத ஒருவர் பேசிய வசனம் தெரிகிறது. தேவதூதன் பேசிய வசனம் தெரியவில்லை. இதுதான் உறுத்துகிறது.

என் ஆசை சின்னதுதான். லூக்கா 2, ஒன்று முதல் இருபது வரை, முழுசாக, பிள்ளைகள் வாயாலே சொல்ல வேண்டும். மற்ற எல்லாம் அதைச் சுற்றி வரட்டும்.

தடைகளையும் சொல்லிவிடுகிறேன். அரையாண்டுத் தேர்வு டிசம்பர் 23 வாக்கில்தான் முடியும், அதுவரை ஒத்திகைக்குப் பிள்ளையை அனுப்பச் சொன்னால் அம்மாக்கள் முறைக்கிறார்கள். பாதிப் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும். ஆங்கில மீடியம். பாட்டையே ஆங்கில எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு பாடுகிறார்கள். ஒவ்வொரு பெற்றோருக்கும் தன் பிள்ளை மேடையில் ஏறியாக வேண்டும். மைக் செட் செலவை ஏற்கிற குடும்பத்தின் பெண் பரதநாட்டியம் கற்றவள், அவளுக்கு ஒரு நடனம் கட்டாயம். நன்றாகவே ஆடுவாள், அது வேறு.

கேக்குக்கு நான் எதிரி இல்லை, தாத்தாவுக்கும் பெரிய எதிரி இல்லை. "டீச்சர் வந்தாலே விழா களை போய்விடும்" என்ற பெயரும் வேண்டாம். உங்கள் சபைகளில் இதை யாராவது சரியாகச் செய்திருந்தால் எழுதுங்கள். "ஜெபியுங்கள் சிஸ்டர்" என்று மட்டும் எழுத வேண்டாம், ஜெபித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.


ஆர்மோனியப் பெட்டி எழுதியது:

டீச்சரம்மா, அந்தப் பெரியவரைச் சும்மா விடுங்கள், பாவம். அவர் கையில் நேரம் இருந்திருந்தால் வாசித்திருப்பார். இருபது வசனத்தையும் நிதானமாக வாசித்தாலும் ஐந்து நிமிடம் ஆகாது. உங்கள் விழாவில் அந்த ஐந்து நிமிடத்தை யார் தின்றார்கள் என்று பாருங்கள். நான் சொல்கிறேன்: தொகுப்பாளர். "அடுத்ததாக நம் மனதைக் கொள்ளைகொள்ள வருகிறார்கள் நம் சபையின் சின்னஞ்சிறு சிட்டுகள்…" இப்படி ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் முன்னால் இரண்டு நிமிடம். முதலில் அந்த மைக்கைப் பிடுங்குங்கள்.

நாங்கள் இரண்டு வருஷமாகச் செய்வது இது. நிகழ்ச்சிகளுக்கு நடுவில் வேதவாசிப்பு என்ற வரிசையைத் தலைகீழாக்கிவிட்டோம். இப்போது வேதவாசிப்புக்கு நடுவில்தான் நிகழ்ச்சிகள். ஒரு பிள்ளை நிற்கிறது, "அந்நாட்களில் உலகமெங்கும் குடிமதிப்பு எழுதப்படவேண்டுமென்று" என்று தொடங்கி மூன்று வசனம் சொல்கிறது. உடனே ஒரு சரணம் பாட்டு. அடுத்த பிள்ளை, நாசரேத்திலிருந்து பெத்லகேம் போகிற பகுதி. சின்னப் பிள்ளைகள் நடையாக நடந்து மேடையைச் சுற்றுகிறார்கள். பிறப்பு. தாலாட்டு ஒன்று. மேய்ப்பர். உங்கள் பரதநாட்டியப் பெண்ணை 13, 14ஆம் வசனத்தில் விடுங்கள். "பரமசேனையின் திரள்" என்று எழுதியிருக்கிறதே, தூதர் கூட்டம், அதற்கு ஆடாமல் வேறு எதற்கு ஆடுவது? வரவேற்பு நடனம் என்று தனியாக ஒன்று எதற்கு?

யாரும் அறிவிக்க வேண்டாம். வசனமே அடுத்தது என்ன என்று சொல்லிவிடும்.

இது ஒன்றும் புதுசு இல்லை. நம் லுத்தரன் சபைகளுக்குப் பெயர் தந்த மார்ட்டின் லுத்தரே இதைச் செய்திருக்கிறார். அவருடைய கிறிஸ்துமஸ் பாட்டு 1535ல் அச்சில் வந்தது, பதினைந்து சரணம், தன் வீட்டுப் பிள்ளைகளுக்காக எழுதினார் என்பார்கள். முதல் ஐந்து சரணம் தேவதூதன் வானத்திலிருந்து வந்து சொல்வது போல. அதற்கப்புறம் கேட்டவர்கள் எழுந்து போய் முன்னணையைப் பார்த்துப் பிள்ளையிடம் பேசுவது போல. ஒருவர் தூதனாக நின்று பாட, வீட்டில் இருப்பவர்கள் பதில் பாடலாம். லூக்கா 2தான் அதன் எலும்பு. மேளம், மேடை, தாத்தா ஒன்றும் வேண்டாம்.

சிஎஸ்ஐ சபைகளில் ஒன்பது வேதபாடமும் பாட்டும் என்று ஒரு ஆராதனை வைப்பார்கள், கேம்பிரிட்ஜ் கிங்ஸ் காலேஜில் 1918 முதல் நடப்பது. அழகுதான். ஆனால் ஆதியாகமத்தில் ஆரம்பித்து யோவானில் முடியும். பிள்ளைகளுக்கு நீளம், ஐந்தாம் பாடத்தில் தூங்கிவிடும். நீங்கள் லூக்காவோடு நில்லுங்கள்.

ஒரு எச்சரிக்கை. பாட்டைப் பிள்ளைகளின் ஸ்ருதிக்கு வையுங்கள். நம் ஆட்கள் கீபோர்டில் டிரான்ஸ்போஸ் பொத்தானை அமுக்கி வைத்துவிட்டு மறந்துவிடுவார்கள், பிள்ளைகள் கத்தும்.


உசிலைப் பக்கத்து வாத்தியார் எழுதியது:

உசிலம்பட்டியிலிருந்து உள்ளே போகிற ஒரு கிராமச் சபை எங்களுடையது. ஓட்டுக்கூரைக் கோயில். மாதத்துக்கு ஒரு தடவை ஆயர் வருவார், மற்ற ஞாயிறுகளில் உபதேசியாரோ நானோ. மேடையும் கிடையாது, பெரிய மைக் செட்டும் கிடையாது. அதனால் டீச்சருக்கு இருக்கிற பிரச்சினை எங்களுக்கு வந்ததே இல்லை என்று சொல்லலாம். வேறு பிரச்சினை வந்தது.

எங்கள் பிள்ளைகள் மேய்ப்பர் வேஷம் போட வெட்கப்பட்டார்கள். ராஜா வேஷத்துக்கு அடிதடி. மேய்ப்பனாக நிற்கச் சொன்னால், "சார், பள்ளிக்கூடத்தில ஆட்டுக்காரன்னு கூப்பிடுவாங்க" என்று ஒரு பையன் சொன்னான். அவன் அப்பா நிஜமாகவே ஆடு மேய்க்கிறவர்.

இந்தப் பக்கம் கிடை போடுகிறவர்களை எல்லாருக்கும் தெரியும். அறுப்பு முடிந்த வயலில் எருவுக்காக ராத்திரி ஆட்டைக் கிடத்துவார்கள். வலை கட்டி, குட்டிகளை மூங்கில் கூடைக்குள் கவிழ்த்து மூடி, கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஆள் மாற்றி ஆள் விழித்திருப்பார்கள். நரி, திருட்டு, பாம்பு, எதுவும் வரலாம். கிறிஸ்துமஸ் சமயத்தில் வயலில் பயிர் நிற்கும், கிடை எல்லாம் தை அறுப்புக்கு அப்புறம்தான். அதனால் நேரில் காட்ட முடியவில்லை. அந்தப் பையனின் அப்பாவையே ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலில் எழுந்து நிற்கச் சொல்லி, ராத்திரிக் கிடையில் என்ன நடக்கும் என்று சொல்லச் சொன்னேன். அவர் பிரசங்கம் ஒன்றும் செய்யவில்லை. எத்தனை மணிக்கு ஆடு மிரளும், மிரண்டால் எந்தப் பக்கம் ஓடும், திடீரென்று வெளிச்சம் அடித்தால் என்ன ஆகும், அவ்வளவுதான் சொன்னார். லாரி வெளிச்சம் பட்டு மந்தையே கலைந்த கதை ஒன்று சொன்னார். அப்புறம் நான் வேதத்தைத் திறந்து, "மேய்ப்பர்கள் வயல்வெளியில் தங்கி, இராத்திரியிலே தங்கள் மந்தையைக் காத்துக்கொண்டிருந்தார்கள்" என்று வாசித்தேன். அடுத்த வசனம், கர்த்தருடைய மகிமை அவர்களைச் சுற்றிலும் பிரகாசித்தது, அவர்கள் மிகவும் பயந்தார்கள். பிள்ளைகள் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். "ஆடெல்லாம் என்ன ஆச்சு?" என்று ஒரு பெண் கேட்டாள். லூக்கா அதைச் சொல்லவில்லையே, நான் என்ன சொல்ல! அவர்தான், "யாராவது ஒருத்தரை நிப்பாட்டிட்டுத்தான் போயிருப்பாங்க" என்றார்.

அந்த வருஷம் மேய்ப்பன் வேஷத்துக்குப் போட்டி. நிஜத் தொரட்டி, நிஜக் கம்பளி.

பாட்டுக்கு நாங்கள் பறையும் சேர்ப்போம். கோயிலுக்குள் பறையா என்று ஆரம்பத்தில் எங்கள் ஆட்களே முகம் சுளித்தார்கள். மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் பறட்டை என்று எல்லாரும் கூப்பிட்ட தியோபிலஸ் அப்பாவு கிராமிய இசையிலேயே வழிபாட்டை அமைத்துக் காட்டியவர். அங்கே படித்துவிட்டு வந்த ஒரு ஆயர்தான் எங்களுக்குத் தைரியம் கொடுத்தார். தேவதூதர் பாட்டுக்குக் கும்மி வைத்தால் பாட்டிமார்களும் எழுந்துவிடுவார்கள். நகரத்தில் ஒத்துவருமா என்று நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.


கேரல் ரவுண்ட்ஸ் தம்பி எழுதியது:

எல்லாரும் தாத்தாவைப் போட்டுத் தாக்குகிறீர்கள், அதனால் நான் அவருக்காகப் பேசுகிறேன். மூன்று வருஷமாக நான்தான் அந்த முகமூடிக்குள் இருக்கிறேன். உள்ளே எவ்வளவு வேர்க்கும் தெரியுமா?

எங்கள் வாலிபர் சங்கம் டிசம்பரில் ராத்திரி கீத பவனி போகும். டாடா ஏஸ் வண்டியில் ஜெனரேட்டர், இரண்டு பாக்ஸ், ஒரு டிரம்ஸ். வீட்டுக்கு வீடு இரண்டு பாட்டு, ஒரு ஜெபம், டீ, முறுக்கு, காணிக்கைக் கவர், அடுத்த வீடு. ஒரு ராத்திரிக்கு இருபது இருபத்தைந்து வீடு. இதில் எங்கே உட்கார்ந்து ஒரு அதிகாரம் வாசிப்பது? தாத்தா வந்தால்தான் தெருப் பிள்ளைகள் வெளியே வருகிறார்கள். அதில் பாதி இந்துப் பிள்ளைகள், ரம்ஜானுக்கு எங்களுக்கு நோன்புக் கஞ்சி கொடுக்கிற வீட்டுப் பிள்ளைகளும் உண்டு. தாத்தா இல்லாவிட்டால் அவர்கள் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். கூட்டத்தைக் கூட்டுவது அவர்தான் அக்கா. கூட்டமே இல்லாத இடத்தில் லூக்கா 2 வாசித்து என்ன பிரயோஜனம்?


காளவாசல் டீச்சர் எழுதியது:

தம்பி, உன் வேர்வைக்கு மரியாதை உண்டு. ஆனால் கூட்டத்தைக் கூட்டிவிட்டு என்ன சொல்கிறீர்கள்? நான் பவனியோடு வந்திருக்கிறேன். வேகமான பாட்டு இரண்டு, "ஹேப்பி கிறிஸ்துமஸ்" என்று ஒரு கத்தல், வண்டி கிளம்பிவிடும். வெளியே வந்து நின்ற அந்தப் பிள்ளை என்ன தெரிந்துகொண்டு உள்ளே போகிறது? டாஃபி கொடுக்கிற ஒரு தாத்தாவுக்கு இன்று பிறந்தநாள் என்று நினைத்தால் அதன்மேல் குற்றம் சொல்ல முடியாது.

தாத்தாவுக்குப் பின்னால் இருக்கிற ஆளும் சாதாரண ஆள் இல்லை. மீரா பட்டணத்துப் பிஷப் நிக்கொலாஸ், நான்காம் நூற்றாண்டு, அவருடைய நாள் டிசம்பர் 6. லுத்தரன் ஜெர்மனியில் பரிசு கொடுக்கிற வேலையை அவரிடமிருந்து எடுத்துக் குழந்தை இயேசுவின் பெயருக்கு மாற்றினார்கள். பிள்ளைகளின் கண் எங்கே போக வேண்டும் என்று அப்போதே யோசித்திருக்கிறார்கள். நான் அந்த அளவுக்குக்கூடப் போகவில்லை. தாத்தா வரட்டும். ஆனால் அவர் பேசட்டும். முகமூடியைத் தூக்கிவிட்டு இரண்டே இரண்டு வசனம், 10, 11. "பயப்படாதிருங்கள், இதோ, எல்லா ஜனத்துக்கும் மிகுந்த சந்தோஷத்தை உண்டாக்கும் நற்செய்தியை உங்களுக்கு அறிவிக்கிறேன். இன்று கர்த்தராகிய கிறிஸ்து என்னும் இரட்சகர் உங்களுக்குத் தாவீதின் ஊரிலே பிறந்திருக்கிறார்." அரை நிமிடம் ஆகுமா? பாட்டு ஒன்றைக் குறைத்தால் முழுக் கதையையும் உன் சொந்தப் பேச்சில் சொல்லிவிடலாம். ஒரு வீட்டில் செய்து பார்த்துவிட்டு எழுது.

ஆர்மோனியம் அண்ணனின் யோசனையை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். தொகுப்பாளரை நீக்குவதுதான் கஷ்டம். அவர் கமிட்டிச் செயலாளரின் மச்சான்.


திருமங்கலம் மருமகள் எழுதியது:

தமிழ் வாசிக்க வராத பிள்ளைகளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், அது என் வீட்டுப் பிரச்சினையும்கூட. என் இரண்டு பிள்ளைகளுக்கும் லூக்கா 2ல் வருகிற "சிரேனியு" என்ற பெயரை எழுதிக் காட்டினால் முழிப்பார்கள். ஆனால் காதால் கேட்டு எதையும் பிடித்துக்கொள்வார்கள். சினிமாப் பாட்டு எப்படி வருகிறது? யாரும் எழுதிக் கொடுப்பதில்லையே.

எங்கள் வீட்டில் அட்வெந்து (கிறிஸ்துமஸுக்கு முந்தின நாலு ஞாயிறுகள் கொண்ட காலம்) முதல் ஞாயிறிலிருந்து ஒரு தட்டில் நாலு மெழுகுவர்த்தி வைக்கிறோம். வாரத்துக்கு ஒன்று கூட ஏற்றுவோம். இந்தப் பழக்கமே ஒரு லுத்தரன் போதகருடையது. ஹம்பர்க்கில் ஏழைப் பிள்ளைகளுக்கு விடுதி நடத்திய விக்கர்ன், "கிறிஸ்துமஸ் எப்போது வரும், எப்போது வரும்" என்று பிள்ளைகள் நச்சரித்ததால் 1839ல் ஒரு வண்டிச் சக்கரத்தில் மெழுகுவர்த்திகளை வைத்து எண்ணச் சொன்னாராம். பெரியது நாலு ஞாயிறுகளுக்கு, சின்னது மற்ற நாட்களுக்கு. எங்கள் வீட்டில் சக்கரத்துக்கு எங்கே போவது, எவர்சில்வர் தாம்பாளம்தான்.

விளக்கை அணைத்துவிட்டு நான் சொல்வேன், அவர்கள் திரும்பச் சொல்வார்கள். முதல் வாரம் ஏழாம் வசனம் வரை. இரண்டாம் வாரம் பதினான்கு வரை. மூன்றாம் வாரம் இருபது வரை. நாலாம் வாரம் அவர்கள் சொல்ல நான் கேட்பேன். கரண்ட் போன ஒரு ராத்திரி சின்னவன் தானாகவே ஆரம்பித்துவிட்டான்.

அதனால் டீச்சர், ஒத்திகையை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். உங்கள் குரலிலேயே வாட்ஸ்அப்பில் பதிவு செய்து, வாரம் ஏழு வசனமாக அம்மாக்களுக்கு அனுப்புங்கள். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைக்கும் சாப்பிடும்போது இரண்டு தடவை கேட்க முடியும். எந்த அம்மாவும் முறைக்க மாட்டார். நடனத்துக்குத்தான் முறைப்பார்கள், அதற்கு ஆட்டோ செலவு இருக்கிறதே.

பெண் தூதர்களுக்கு விளக்குத்தூண் பக்கம் வெள்ளை லைனிங் துணி மீட்டர் கணக்கில் மலிவாகக் கிடைக்கும். வாடகைக்கு எடுக்காதீர்கள், அழுக்காகக் கொடுக்கிறார்கள்.


ஓய்வுபெற்ற ஐயர் எழுதியது:

பிள்ளைகளே, பேச்சு நன்றாகப் போகிறது. ஆயர் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற கிழவன் இரண்டு காரியம் சொல்கிறேன்.

ஒன்று. விழாவைச் சரிசெய்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். டிசம்பர் 25 அதிகாலை ஆராதனையில் பிரசங்கம் எதைப் பற்றி இருக்கிறது என்று பாருங்கள். புத்தாண்டு ஆசீர்வாதம், கட்டட நிதி, பிறருக்கு உதவுங்கள் என்கிற நல்ல புத்தி, இதெல்லாம் அன்று வேண்டாம். பிறந்தவர் யார், யாருக்காகப் பிறந்தார், அதைச் சொல்லிவிட்டுத் திருவிருந்துக்கு அழைத்தால் போதும். அன்றைக்கு மட்டும் கோயிலுக்கு வருகிறவர்கள் உண்டு. அவர்கள் காதில் விழப்போவது அந்த ஒரு பிரசங்கம்தான். இதை நான் ஆயர்களுக்குத்தான் சொல்கிறேன், டீச்சருக்கு இல்லை.

1523ல் பழைய ஏற்பாட்டுக்கு எழுதிய முன்னுரையில் லுத்தர் சொல்கிறார்: மேய்ப்பர்களுக்குத் தூதன் காட்டிய கந்தைத் துணியும் முன்னணையும் இந்த வேதம்தான். துணி எளியது, அதில் கிடக்கிற கிறிஸ்து என்ற பொக்கிஷமோ அருமையானது. துணியை ஜரிகை போட்டு அழகுபடுத்த நமக்கு ஆசை. வேண்டாம், உள்ளதை உள்ளபடி வாசியுங்கள். இந்த லூக்கா சுவிசேஷம் தரங்கம்பாடி அச்சகத்தில் 1714லேயே தமிழில் அச்சாகிவிட்டது. லுத்தரன் மிஷனரி சீகன்பால்க் கப்பலிலிருந்து இறங்கி எட்டு வருஷம்தான் ஆகியிருந்தது. அவ்வளவு அவசரப்பட்டு அவர்கள் கையில் கொடுத்ததை நாம் ஏழு வசனத்தோடு மூடுகிறோம்.

இரண்டு. கிறிஸ்துமஸ் 25ஆம் தேதி மத்தியானம் பிரியாணியோடு முடிவதில்லை. 26 ஸ்தேவான், 27 யோவான், 28 பெத்லகேம் குழந்தைகள், ஜனவரி 6 சாஸ்திரிகள் வந்த நாள். எல்லாரையும் ஒரே ராத்திரியில் ஒரே மேடையில் ஏற்றுவதால்தான் உங்களுக்கு நெரிசல். சாஸ்திரிகளை ஜனவரிக்குத் தள்ளுங்கள். பெரிய பையன்களுக்கு அன்று வேஷம் கொடுங்கள், அரையாண்டுப் பரீட்சையும் முடிந்திருக்கும். ஏரோது ராஜாவையும் அன்றே வைத்துக்கொள்ளலாம். குழந்தைகளைக் கொன்றதைச் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லலாமா என்று கேட்பீர்கள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ராத்திரியோடு ராத்திரியாக எகிப்துக்கு ஓடினார்கள் என்பதைச் சொல்லுங்கள். எதற்கு ஓடினார்கள் என்று கேட்கிற வயது வந்த பிள்ளைக்குப் பதிலும் சொல்லுங்கள். மறைக்க வேண்டாம். இன்றைக்கும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற தாய்மாரைத் தொலைக்காட்சியில் அவர்கள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.


கேரல் ரவுண்ட்ஸ் தம்பி எழுதியது:

அக்கா, செய்து பார்த்துவிட்டேன். நேற்று விராட்டிப்பத்துப் பக்கம் பவனி. முதல் இரண்டு வீட்டில் சொதப்பல். முகமூடியைத் தூக்கினதும் ஒரு குழந்தை பயந்து அழுதுவிட்டது. ஒரு வீட்டுக்காரர், "சீக்கிரம் முடிங்க தம்பி, டீ ஆறுது" என்றார். அப்புறம் டிரம்ஸ் அடிக்கிற பையன் சொன்ன யோசனைப்படி முகமூடியைக் கழற்றி வண்டியில் வைத்துவிட்டு, சும்மா நின்று என் வாயால் கதையைச் சொன்னேன். குடிமதிப்பு, ஊருக்குப் போனது, இடமில்லாதது, முன்னணை, மேய்ப்பர்களுக்குத் தூதன் சொன்ன இரண்டு வசனம். அதோடு நிறுத்திப் பாட்டை ஆரம்பித்தோம்.

ஒரு வீட்டுத் திண்ணையில் பக்கத்து வீட்டுப் பாட்டி உட்கார்ந்திருந்தார், நெற்றியில் விபூதி. பாட்டை நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினார். "அந்த ஆட்டுக்காரங்க போய்ப் பார்த்தாங்களா இல்லையா? அதச் சொல்லு மொதல்ல." டிரம்ஸை நிறுத்திவிட்டு இருபதாம் வசனம் வரை சொன்னேன்.

அன்றைக்குப் பத்துப் பன்னிரண்டு வீடுதான் போக முடிந்தது, கவர் வசூல் குறைந்துவிட்டது. பொருளாளர் கோபத்தில் இருக்கிறார். இன்று ராத்திரி என்ன செய்வது என்று இன்னும் சண்டை நடக்கிறது. நான் கதை பக்கம்.


காளவாசல் டீச்சர் எழுதியது:

தம்பி, பொருளாளரிடம் நான் பேசுகிறேன். அவர் பிள்ளையும் என் வகுப்பில்தான் இருக்கிறான்.

கமிட்டி முடிந்துவிட்டது, நடந்ததை எழுதிவிடுகிறேன். இருபது வசனமும் உண்டு, அதுவே நிகழ்ச்சி. நடனம் 13ஆம் வசனத்தில். அந்தப் பெண்ணின் அம்மா முதலில் முகம் கோணினார், தேவதூதர் எல்லாருக்கும் முன்னால் நிற்பது தன் மகள் என்றதும் சரி என்றார். சாஸ்திரிகள் ஜனவரி 6க்குப் போய்விட்டார்கள், ஐயருக்கு நன்றி. குறுநாடகம் வாலிபர் கூட்டத்துக்கு மாற்றம். வினாடி வினா இருக்கிறது, கேள்விகளை நானே எழுதுவேன், சத்திரக்காரர் வர மாட்டார். தாத்தா விழா முடிந்து வாசலில் நின்று டாஃபி கொடுப்பார். பொன்னாடைகளை மட்டும் அசைக்க முடியவில்லை. ஆறிலிருந்து மூன்றாகக் குறைத்தேன், அதற்கே அரை மணி நேரம் வாக்குவாதம்.

தொகுப்பாளருக்கு ஒரு வேலை கொடுத்துவிட்டேன். குடிமதிப்பு எழுதச் சொன்ன ரோமப் பேரரசர் அகுஸ்துராயன். கட்டளையைச் சுருளிலிருந்து சத்தமாக வாசிக்க வேண்டும், நல்ல குரல் அவருக்கு. ஒரே வசனம். வாசித்ததும் சிம்மாசனத்தில் உட்கார்ந்துவிட வேண்டும், கடைசி வரை எழுந்திருக்கக் கூடாது. மிகவும் சந்தோஷப்பட்டார்.

குரல் பதிவு அனுப்ப ஆரம்பித்துவிட்டேன். ஒரு அம்மா, "டீச்சர், எனக்கே இப்பதான் முழுசா தெரியுது" என்று எழுதியிருந்தார்.

உசிலை வாத்தியார் ஐயா, எனக்கு ஒரு உதவி. மேய்ப்பர் ஆறு பேர். கடையில் கிடைப்பதெல்லாம் பச்சைப் பெயிண்ட் அடித்த பிளாஸ்டிக் கோல். உங்களிடம் நிஜத் தொரட்டியும் கம்பளியும் இரவலாகக் கிடைக்குமா? விழா முடிந்ததும் துவைத்துத் திருப்பித் தருகிறேன்.


உசிலைப் பக்கத்து வாத்தியார் எழுதியது:

தருகிறேன் டீச்சர். கம்பளி நாலு இருக்கிறது, மீதிக்குக் கேட்டுப் பார்க்கிறேன். துவைக்க வேண்டாம், துவைத்தால் சுருங்கிவிடும், வெயிலில் உதறிக் கொடுத்தால் போதும். வாசம் கொஞ்சம் இருக்கும், பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். தொரட்டி நீளம், டவுன் பஸ்ஸில் ஏற்ற விடமாட்டார்கள். சனிக்கிழமை முதல் பஸ்ஸில் நானே கொண்டுவந்து ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் இறங்குகிறேன். யாரையாவது ஸ்கூட்டர் இல்லாமல் ஆட்டோவோடு அனுப்புங்கள். அரிவாளைக் கழற்றிவிட்டுக் கம்பை மட்டும்தான் கொண்டுவருவேன்.